இருபது விநாடி வெளிச்சம்

...உங்கள் குடியிருப்புச் சங்கச் செயலாளர் இப்போதுதான் அறிவித்தார். அடுத்த வாரம் முதல் படிக்கட்டு முழுக்க எல்இடி, ஆள் வந்தால் எரியும், போனால் அணையும் சென்சார். கை தட்டினீர்கள். நானும் தட்டினேன். தட்டிய கை கொஞ்சம் உறுத்துகிறது. அதனால் எங்கள் கட்டடத்தில் நடந்த ஒரு சின்ன விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். அப்புறம் சாப்பாடு. வாசனை எனக்கும் வருகிறது.

நான் இருப்பது திருச்சியில். மூன்று மாடி, லிஃப்ட் கிடையாது. பக்கத்துக் கட்டடச் சுவர் ஒட்டி நிற்பதால் படிக்கட்டில் பட்டப்பகலிலும் இருட்டு. பழைய டியூப்லைட் இருபத்து நாலு மணி நேரமும் எரியும். செயலாளர் யார்? அடியேன்தான். வேறு யாரும் கூட்டத்துக்கு வராததால் ஏகமனதாகத் தேர்வானவன்.

சென்சார் மாட்டினோம். எலக்ட்ரீஷியன் ஜாபர் ஏணியில் நின்றபடி கேட்டார்.

"சார், ஒரு தடவை எரிஞ்சா எவ்வளவு நேரம் நிக்கணும்? ரெண்டு நிமிஷம் வைக்கவா?"

"ரெண்டு நிமிஷமா? மாடிப்படிதானே தம்பி, மலைக்கோட்டையா? இருபது செகண்ட் வைங்க."

பரிசோதனையும் செய்தோம். கமிட்டி ஆட்கள் மூன்று பேர், தொப்பையோடு, மேலே ஓடினோம், கீழே ஓடினோம். போகிற இடமெல்லாம் வெளிச்சம். பிரமாதம். பஜ்ஜி சாப்பிட்டுக் கலைந்தோம். ஓடிப் பார்த்தோமே... ஒருவராவது நின்று பார்த்தோமா?

மூன்றாவது மாடியில் அமலோற்பவம் அக்கா. எழுபது வயது, தொலைபேசி நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கீழ்த்தளத்தில் அவர் தங்கை லூர்து, மகன் வீட்டில். பக்கவாதம். பேச்சு போய்விட்டது. மிஞ்சியது ஒரே சொல், "அக்கா". தினமும் காலை பத்து மணிக்குத் தூக்குவாளியில் கஞ்சியோடு அக்கா இறங்குவார். தங்கைக்கு ஊட்டிவிட்டு ஏறுவார். முழங்கால் வலி. ஒவ்வொரு திருப்பத்திலும் சுவரில் சாய்ந்து ஒரு நிமிஷம் மூச்சு வாங்குவார்.

சென்சாருக்கு என்ன தெரியும்? அசைந்தால் ஆள். அசையாவிட்டால் சுவர். இருபதாவது விநாடி அணைத்துவிடும். அக்கா மெதுவாக நகர்த்துகிற கால் அதன் கண்ணில் படாது. அப்போது அக்கா என்ன செய்வார்? தலைக்கு மேலே கையைத் தூக்கி இப்படி... இப்படி... ஆட்டுவார். எரியும். மறுபடி அணையும். மறுபடி ஆட்டுவார்.

என் வீடு இரண்டாவது மாடி. கதவில் எட்டிப் பார்க்கிற கண்ணாடி இருக்கிறதே, எனக்கு அதுதான் டிவி. அதில் பார்த்தேன். காரணம் யோசித்தேனா? இல்லை. குடியிருப்பு வாட்ஸ்அப்பில் போட்டேன். "மூன்றாவது மாடி அக்கா படிக்கட்டில் பரதம் பழகுகிறார், அரங்கேற்றம் விரைவில்." சிரிக்கிற முகங்கள் முப்பது விழுந்தன. எனக்கு ஒரே பெருமை.

அந்தக் குழுவில் அக்காவும் இருந்தார்.

மறுநாளிலிருந்து கை ஆடவில்லை. விளக்கு அணைந்தது, அணைந்தபடியே இருந்தது; அக்கா இருட்டிலேயே படி இறங்கினார். "டான்ஸ் கிளாஸ் லீவு போலிருக்கு" என்று என் மனைவியிடம் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. ஒன்பதாவது நாள் தூக்குவாளி உருளுகிற சத்தம். கதவைத் திறந்தேன். படியெல்லாம் கஞ்சி. அக்கா கீழே கிடந்தார். இடுப்பெலும்பு.

ஆஸ்பத்திரியில் கேட்டேன். "ஏன்க்கா, லைட் எரியலையா?"

"எரியும் தம்பி. கைய ஆட்டினா எரியும்." போர்வையைச் சரிசெய்துகொண்டார். "ஆட்ட வெக்கமா இருந்துச்சு."

ஜாபர் வந்தார். சின்ன ஸ்க்ரூ டிரைவரால் ஒரு திருகு. இருபது விநாடி மூன்று நிமிஷம் ஆனது. அவ்வளவுதான் வேலை.

அக்கா வீடு திரும்பினார்; ஆம்புலன்ஸ் ஆட்கள் ஸ்ட்ரெச்சரில் நேரே மேலே தூக்கிப்போய் விட்டார்கள். இனிப் படி ஏறி இறங்கவே கூடாது என்றார் டாக்டர். மேலே அக்கா, கீழே தங்கை. நடுவில் நாற்பத்தாறு படி. லூர்தின் மருமகள் என்னை வழிமறித்துச் சொன்னாள்.

"பத்து மணியானா அத்தை வாசலையே பாக்குறாங்க சார். வீடியோ கால்ல பெரியம்மாவக் காட்டினேன். போனைத் திருப்பி அதுக்குப் பின்னாடி தேடுறாங்க."

அக்கா என்னைக் கூப்பிட்டனுப்பினார். "தம்பி, ஒரு தடவை நாற்காலில வச்சு எறக்கி விடுவீங்களா? அவளப் பாத்துட்டு வந்துடுறேன்."

"அதுக்கென்னக்கா, ஞாயித்துக்கிழமை எல்லாரும் இருப்பாங்க. பாத்துக்கலாம்."

அந்த ஞாயிறு ஒரு கல்யாணம். அடுத்த ஞாயிறு மழை. அதற்கடுத்த ஞாயிறு... சொல்ல வெட்கமாக இருக்கிறது... கிரிக்கெட். வியாழக்கிழமை காலை லூர்து போய்விட்டார்.

அன்று நாற்காலி உடனே கிடைத்தது. நாலு பேர் கிடைத்தோம். மெதுவாகத் தூக்கி இறக்கித் தங்கையின் பக்கத்தில் வைத்தோம். அக்கா அழவில்லை. தங்கையின் நெற்றியில் சிலுவை போட்டார். பிறகு என்னைப் பார்த்து, கோபமே இல்லாமல், ஒரு சந்தேகம் கேட்பது மாதிரி கேட்டார்.

"எறக்க இவ்வளவு நேரந்தானா தம்பி?"

அஞ்சு நிமிஷம் ஆகியிருந்தது.

 

விளக்கின் மேல் பழி போடாதீர்கள். விளக்கு நல்ல விளக்கு. மின்சாரம் மிச்சமாகிறது, தாராளமாக மாட்டுங்கள். குற்றம் ஓடிப் பார்த்து நேரம் வைத்த என்னிடம். கை ஆடியபோது ஏன் என்று கேட்காமல் சிரித்த என்னிடம். எல்லாவற்றுக்கும் மேலே, ஞாயிற்றுக்கிழமை என்று சொன்ன வாயிடம். எல்லோருக்கும் பொதுவானது என்று ஒன்றைச் செய்கிறபோது, நம் கால் போகிற வேகத்தையே எல்லோருடைய வேகமாகவும் எழுதிவிடுகிறோம். மெதுவாக வருகிறவர் இருட்டில் நிற்கிறார். வெளிச்சத்துக்காக அவர் கெஞ்ச வேண்டியிருக்கிறது. அதையும் நாம் வேடிக்கை பார்க்கிறோம்.

உங்கள் கட்டடத்தில் மிக மெதுவாகப் படியேறுகிறவர் யார்? பெயர் தெரியுமா? எங்கே நின்று மூச்சு வாங்குவார், தெரியுமா? இன்றே அவரோடு ஒரு முறை ஏறுங்கள். அவர் நிற்கிற இடத்தில் நீங்களும் நில்லுங்கள். அவர் ஏதாவது கேட்டால், தயவுசெய்து, அன்றைக்கே செய்துவிடுங்கள்.