நாற்பது நிமிஷத்தில் ஆறு நிமிஷம்

– நாப்பது நிமிஷம் வீடியோ எடுத்தோமே மாப்ளே! ஆறு நிமிஷம்தான் இருக்குன்னா மிச்சம் முப்பத்துநாலு நிமிஷம் எங்கே போச்சு?

– அதைத்தான் மாமா நானும் தேடிட்டு இருக்கேன். ஒரே ஒரு நிமிஷம் பொறுங்க.

– இதையே பத்து தடவை சொல்லிட்டே. இந்நேரம் ஒரு வாஷிங் மெஷினைப் பிரிச்சு, கழுவி, மாட்டி, அதுல உன் சட்டையையும் துவைச்சுக் காயப் போட்டிருப்பேன்.

– நீங்கதானே மாமா வீடியோ வெட்டுறதுக்குச் செலவு கம்மியான சாப்ட்வேரா பாருடான்னு சொன்னீங்க?

– ஆமா, சொன்னேன். நாம என்ன சினிமாவா எடுக்கிறோம்? கடைக்கு வர்ற புது ஆளுக்கு மெஷினை எப்படிப் பிரிக்கிறதுன்னு காட்டப் போறோம். அதுக்கு எதுக்குடா ஆடம்பரம்?

– சரி விடுங்க. முதல்ல சும்மா கிடைச்ச சாப்ட்வேரைப் போட்டேன். நடு ஸ்க்ரீன்ல அந்தக் கம்பெனிக்காரன் தன் பேரைக் கொட்டை எழுத்துல எழுதிட்டான். பின்னாடி டிரம் இருக்கா, அண்டா இருக்கான்னே தெரியலை. ரெண்டாவது ஒண்ணு பார்த்தேன். தங்கம். ஆனா மாசாமாசம் கட்டணும். “சாப்ட்வேருக்கு வாடகையா? அது என்ன, மாடியில குடியிருக்கப் போகுதா?”ன்னு தெருவே திரும்பிப் பார்க்கிற மாதிரி கத்தினீங்க.

– கேக்கத்தானே வேணும்?

– மூணாவது இது. ஒரே ஒரு தடவை கட்டினா போதும். மெஷின்ல அழுக்குத் தண்ணியை வெளியே தள்ளுற டிரெயின் பம்ப் ஒண்ணோட விலைதான். உங்க கடையில இருக்கே, இந்த ஆதிகாலத்துக் கம்ப்யூட்டர், இதுலயும் ஓடுது.

– ஓடுதுன்னு நீ சொல்றே. எனக்கு என்னமோ உக்காந்து மூச்சு வாங்குற மாதிரி தெரியுது.

– இதுல ஒரு வசதி இருக்கு மாமா. யாரும் பேசாம சும்மா இருக்கிற இடத்தை எல்லாம் தானா கண்டுபிடிச்சு வெட்டிடும். பாடம் சொல்றவங்க தலையைச் சொறியுற நேரம், தண்ணி குடிக்கிற நேரம், எல்லாம் போயிடும். சுருக்கமா வந்துடும். காலையில எங்க வீட்டுக் கம்ப்யூட்டர்ல அந்தப் பட்டனை அமுக்கிட்டுக் குளிக்கப் போனேன். வந்து பார்த்தா ‘வேலை முடிந்தது’ன்னு போட்டிருக்கு.

– சரி, அந்த ஆறு நிமிஷத்தைத்தான் போடேன், பார்ப்போம்.

– போட்டுடவா?

– போடுடா, என்னமோ பரீட்சை ரிசல்ட்டைத் திறக்கிற மாதிரி பம்முறே.

– “கேமராவை ஆட்டாதேடா! பேயைப் பார்த்தவன் மாதிரி ஏன் இப்படி நடுங்குறே?”

– ம்… அது ஆரம்பம். அப்படித்தான் இருக்கும்.

– “இந்த ஸ்க்ரூவை மாட்டின மகராசன் மட்டும் என் கையில சிக்கட்டும், அவனையே இதுக்குள்ள போட்டு ஒரு சுத்து சுத்தி எடுக்கிறேன்!”

– “அதை அங்கே வைக்காதேன்னு எத்தனை தடவை சொல்றது? காது என்ன, கண்ணாடி மாட்டிக்கவா வச்சிருக்கே?”

– மாப்ளே.

– “தெரியலைன்னா கேட்டுத் தொலையணும். கேட்டா திட்டுவேன். கேக்கலைன்னா இன்னும் திட்டுவேன்.”

– நிறுத்து, நிறுத்து! யாருடா இது?

– நீங்கதான் மாமா.

– குரல் என்னுது மாதிரி இல்லையே?

– மூஞ்சி உங்களுதுதானே?

– அது கிடக்கட்டும். வேலை எங்கே? பம்பைக் கழட்டினேனே, கதவு ரப்பரைச் சுத்தி இருக்கிற கம்பியை ஒரு கீறல் இல்லாம எடுத்தேனே, டிரம் பேரிங்கை மாத்தினேனே, அதெல்லாம் எங்கே?

– அதை எல்லாம் நீங்க பேசாம செஞ்சீங்க மாமா. இப்போதான் எனக்கே விளங்குது. கை வேலையில இருந்தா நீங்க வாயே திறக்கிறதில்லை. வாயைத் திறந்தா திட்டத்தான் திறக்கிறீங்க. சாப்ட்வேர் பாவம், பேசாத இடம் எல்லாம் வெட்டி இடம்னு நினைச்சு எடுத்துடுச்சு. வேலை மொத்தமும் போச்சு. திட்டு மட்டும் ஒண்ணு விடாம இருக்கு.

– எனக்கு வாய்ல வந்துடும்!

– அதான் மாமா வந்திருக்கு. ஆறு நிமிஷம்.

– சிரிக்காதேடா. உனக்கு என்ன, சனிக்கிழமையானா வந்து கம்ப்யூட்டரைத் தட்டிட்டுப் பொண்டாட்டி கூப்பிட்டான்னு கிளம்பிடுவே. திங்கட்கிழமை உங்க அக்கா வேலையில சேரணும். ஏழு வருஷம் விண்ணப்பம் போட்டுப் போட்டுக் கிடைச்ச நூலக வேலை. “கடையில ஒரு ஆள் நிலையா நிக்கும்னு தெரிஞ்சாத்தான் போவேன், இல்லைன்னா வேண்டாம்னு எழுதிக் கொடுத்துடுவேன்”னு ஒரே பிடியா நிக்கிறா. அவ பிடிவாதம் உனக்குத் தெரியாதா?

– தெரியாமலா? எங்க வீட்டுப் பிடிவாதம். ஆனா மாமா, உங்ககிட்டதான் ஆளே நிக்க மாட்டேங்குதே.

– நின்னாங்கடா!

– முதல் ஆள் பதினோரு நாள். ரெண்டாவது ஆள் ஒரு வாரம். மூணாவது ஆள் முதல் நாள் மத்தியானம் சாப்பிடப் போனவர், இன்னும் சாப்பிட்டு முடிக்கலை.

– நான் என்ன வேணும்னா திட்டுறேன்? மெஷினுக்குள்ள இருக்கிற தகடு ஒவ்வொண்ணும் பிளேடு மாதிரி இருக்கும். அந்த முதல் ஆள் விரலைக் கிழிச்சுக்கிட்டான் பாரு, அன்னைக்கு எனக்குச் சோறு இறங்கலை. யாருக்காவது ஏதாவது ஆயிடுமோன்னு பயம்டா. மத்தவங்களுக்குப் பயந்தா வேர்க்கும். எனக்குத் திட்டு வருது. என்ன பண்ணச் சொல்றே?

– இதை ஒரு தடவையாவது அவங்ககிட்ட சொல்லியிருக்கலாமே?

– அதெல்லாம் வாயில வராது. சரி, இப்போ என்ன வழி? அவ போகட்டும்டா. பதினாலு வருஷமா என் பின்னாடி டூல் பையைத் தூக்கிட்டு வீடு வீடா வர்றா. ஆள் வச்ச பிறகும் விடாம கூடவே வந்தா. புத்தகம்னா அவளுக்கு உசிரு. கண்டவங்க வீட்டு அழுக்குத் தண்ணியிலயே அவ காலம் போகணுமா? எனக்கு நினைச்சாலே ஒரு மாதிரி இருக்கு.

– சரி விடுங்க மாமா, கண்ணைக் கசக்காதீங்க. எடுத்தது எல்லாம் அப்படியே பத்திரமா இருக்கு. சாப்ட்வேர் தனியா ஒரு பிரதிதான் போட்டிருக்கு. இப்போ தலைகீழா வெட்டுறேன். பேச்சைத் தூக்கிட்டு வேலையை மட்டும் வைக்கிறேன். அக்காவை விட்டு நிதானமா விளக்கம் சொல்ல வச்சு மேல ஒட்டிடலாம். சாயங்காலத்துக்குள்ள முடிஞ்சிடும்.

– அப்பாடா! முதல்ல அந்த ஆறு நிமிஷத்தை அழிச்சுடு. அது யார் கண்ணுலயும் படக் கூடாது.

– அழிச்சுடுறேன்… மாமா.

– என்ன இழுக்கிறே?

– தண்ணி வேணுமா உங்களுக்கு?

– டேய்.

– காலையில அதை அக்கா போனுக்கு அனுப்பிட்டேன்.

– பார்க்காமலா?

– குளிச்சுட்டு வந்தேனா, அங்கே அடுப்புல பால் பொங்குதுன்னு உங்க தங்கச்சி, அதான் என் பொண்டாட்டி, ஒரே கூச்சல். சுருக்கமாத்தானே இருக்கு, நல்லாத்தான் இருக்கும்னு அனுப்பிட்டு ஓடிட்டேன். அதோட…

– இன்னும் அதோட வேறயா?

– ‘வேலை கேட்டு வந்த நாலு பேருக்கும் இதை அனுப்பிடுக்கா, என்ன வேலைன்னு இப்பவே தெரிஞ்சுக்கட்டும்’னு கீழே எழுதிட்டேன்.

– அவ கடை போன்ல இருந்துதானே ஆளுங்களுக்கு அனுப்புவா? அதை எடு. எடுடா சீக்கிரம்!

– எடுத்துட்டேன். பத்தரை மணிக்கே போயிருக்கு மாமா. நாலு பேருக்கும்.

– பதில் ஏதாவது?

– ஒருத்தர் வேற வேலை கிடைச்சுடுச்சுன்னு எழுதியிருக்கார். இன்னொருத்தருக்குத் திடீர்னு முதுகு வலியாம். மூணாவது ஆள், ‘அந்தக் கேமரா பிடிச்ச தம்பி இப்போ எப்படி இருக்கார்?’னு விசாரிச்சுட்டு நம்மளை பிளாக் பண்ணிட்டார்.

– நாலாவது?

– தையல் மெஷின் ரிப்பேர் கடையில இருந்த ஒரு பொண்ணு. பார்த்திருக்கு. பதில் போடலை.

– போச்சு. எல்லாம் போச்சு.

– என்ன போச்சு? ரெண்டு பேரும் ஏன் சாமானை உடைச்ச பிள்ளைங்க மாதிரி முழிக்கிறீங்க? டேய் சின்னவனே, என்னடா பண்ணினே?

– அக்கா! நீ கடைத்தெருவுக்குப் போனேல்ல? அதுக்குள்ள வந்துட்டியா?

– வாம்மா, உக்காரு. உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். ஆள் யாரும் வர மாட்டாங்க. தப்பு என்னுது. வாய் என்னுதுதானே? ஆனா நீ திங்கட்கிழமை போறே. நான் தனியாவே கடையைப் பார்த்துக்கறேன்.

– முடியாது.

– ஏன் முடியாது?

– உங்களைத் தனியா விட்டுட்டு நான் போக மாட்டேங்க. அதுல பேச்சே இல்லை.

– நான் என்ன பால்குடிக்கிற பிள்ளையா? இந்த ஊர்ல என்னை மாதிரி மெஷின் பிரிக்க இன்னொருத்தன் பிறக்கணும். என்னைப் பார்த்துக்க ஒரு ஆள் வேணுமாக்கும்!

– அக்கா, மாமா, ரெண்டு பேரும் கொஞ்சம் நிறுத்துங்க. போன் அடிக்குது. அந்தத் தையல் மெஷின் பொண்ணு.

– எடுக்காதேடா. முதுகு வலின்னு சொல்லப் போறா. அதை வேற என் காதால கேக்கணுமா?

– எடுடா. ஸ்பீக்கர்ல போடு.

– ஹலோ, சார் இருக்காரா? தப்பா நினைக்காதீங்க, அந்த வீடியோ விஷயமா பேசணும்.

– நான்தான்மா பேசுறேன். அது வந்து… தப்பான வீடியோம்மா அது. அந்தத் திட்டு எல்லாம் என் மச்சானுக்கு. உனக்கு இல்லை. அவனுக்குப் பழக்கம்.

– திட்டு கிடக்கட்டும் சார். எங்க பழைய முதலாளி இதை விட நல்லாத் திட்டுவார். நான் மூணு தடவை பார்த்தேன்.

– மூணு தடவையா? எதுக்கும்மா?

– நம்ப முடியலை சார், அதான். தப்பா நினைக்காதீங்க, ரெண்டாவது நிமிஷத்துல ஸ்க்ரூ மாட்டினவரைத் திட்டுறீங்கல்ல, அப்போ உங்க கை முழங்கை வரைக்கும் மெஷினுக்குள்ள இருக்கு.

– ஆமா. அங்கேதான் ஸ்க்ரூ இருக்கு.

– பின்னாடி சுவத்துல பிளக் சொருகியே இருக்கு சார். சுவிட்ச்ல சிவப்பு லைட்டும் எரியுது.

– மாப்ளே… அந்த இடத்தைப் போடு.

– போட்டுட்டேன் மாமா. ஐயோ. எரியுது மாமா.

– எனக்கு இந்த வேலை ரொம்ப வேணும் சார். வீட்டு நிலைமை அப்படி. அதனால இதைச் சொல்லலாமா வேண்டாமான்னு காலையில இருந்து குழம்பிட்டு இருந்தேன். ஆனா பார்த்துட்டுச் சும்மா இருக்க மனசு வரலை. தப்பா நினைக்காதீங்க, நான் வந்தா பிளக்கை நான்தான் பிடுங்குவேன். பிடுங்கிட்டேன்னு நான் வாயால சொன்ன பிறகுதான் நீங்க உள்ளே கையை விடணும். எவ்வளவு திட்டினாலும் இதுல மட்டும் நான் அசைய மாட்டேன். சரின்னா வர்றேன்.

– என் கடையிலயே எனக்குச் சட்டம் போடுறியா?

– ஆமா சார். அப்போ வேண்டாமா?

– ஐயோ, யாரும்மா வேண்டாம்னா? வா! திங்கட்கிழமை எட்டரைக்கு வந்துடு. எட்டுக்கே வந்துடு!

– வந்துடுறேன் சார். அக்காகிட்டயும் சொல்லிடுங்க.

– கேட்டுட்டுத்தான்மா இருக்கேன். சந்தோஷமா வா. வச்சுடட்டுமா?

– சரிக்கா.

– யப்பா! வேர்த்து விறுவிறுத்துப் போச்சு. என்னமா பேசுது அந்தப் பொண்ணு! மாப்ளே, நீ பார்க்காம அனுப்பினதும் நல்லதுக்குத்தான்.

– அவன் பார்க்காம அனுப்பினான். நான் பார்த்துட்டுத்தான் அனுப்பினேன்.

– அக்கா?

– பின்னே? உன்னை நம்பி எதையாவது அப்படியே அனுப்புவேனா? ஆறு நிமிஷமும் பார்த்தேன். பிளக் சொருகியே இருந்ததையும் பார்த்தேன். அப்புறம்தான் நாலு பேருக்கும் அனுப்பினேன். மூணு பேர் உங்க வாயைப் பார்த்தாங்க. இவ ஒருத்திதான் சுவத்தைப் பார்த்தா. போதுங்க. திங்கட்கிழமை நான் நிம்மதியா நூலகத்துக்குப் போறேன்.

– போ, போ, தாராளமாப் போ! ஆனா ஒண்ணுதான் எனக்கு மண்டையைக் குடையுது. பதினாலு வருஷத்துல எத்தனை மெஷின் பிரிச்சிருப்பேன்? ஒரு தடவை கூட ஷாக் அடிச்சதில்லையே! அன்னைக்கு மட்டும் எப்படிடா மறந்தேன்?

– அன்னைக்கு நீங்க மறக்கலைங்க. அன்னைக்கு நான் நூலக வேலைக்கான ஆர்டர் வாங்கப் போயிருந்தேன். பதினாலு வருஷமா பிளக்கைப் பிடுங்கிட்டு இருந்தது நான்.