கண்ணாடிக்குள்ளே ஒரு தப்பு

அறிவுக்கு அணிகலனாய், அமைதிக்கு இருப்பிடமாய், அடிக்கடி கைக்கடிகாரம் பார்ப்பவராய் அமர்ந்திருக்கும் அவைத்தலைவர், எங்கள் தலைமையாசிரியர் அவர்களே! கல்விக் கடலில் முத்தெடுத்துக் களைத்துப்போன ஆசிரியப் பெருமக்களே! முன்வரிசையை முந்திக்கொண்ட மூத்தோர்களே! பிள்ளைகளைப் பெற்று, வளர்த்து, அதட்டி, அணைத்து, இன்று ஈரக் கண்ணோடு வந்திருக்கும் தாய்மார்களே! காலாட்டாமல் உட்காரத் தெரியாத என் கண்மணிச் செல்வங்களே! இந்தப் பள்ளியின் மணியடிப்பவன் மனமார வணங்குகிறேன்!

அவ்வளவுதாங்க. என் மருமக எழுதிக்கொடுத்த செந்தமிழ் இதோட தீர்ந்துபோச்சு. இனிமே என் தமிழ்தான்.

ரெண்டே நிமிஷம்னு தலைமையாசிரியர் சொல்லியிருக்கார். சார், இந்தப் பள்ளிக்கூடத்துல எந்த நிமிஷம் எப்ப முடியணும்னு சொல்றது யாரு? நீங்களா, நானா? மணி என் கையில இருக்கு சார்! சிரிக்காதீங்கம்மா, அவர் கோவிச்சுக்குவார்.

நம்ம கணக்கு டீச்சரம்மா போயிட்டாங்க. அன்னைக்கு எல்லாரும் சேர்ந்து அழுதோம். இன்னைக்கு இந்த நினைவுக் கூட்டத்துல நான் அழ வரலை. சண்டை போட வந்திருக்கேன்.

புதுசா வந்தவங்களுக்குச் சொல்றேன், கேட்டுக்கோங்க. மத்த வாத்தியாருங்க 'இது தேறாது'ன்னு கைகழுவின பிள்ளைங்க, கணக்குல முட்டை முட்டையா வாங்கிக் கோழிப்பண்ணை வைக்கிற பிள்ளைங்க, எல்லாத்தையும் அந்த அம்மா கேட்டு வாங்கித் தன் வகுப்புல வச்சுக்குவாங்க. தினமும் கரும்பலகையில கணக்குப் போடுவாங்க. அதுல வேணும்னே ஒரே ஒரு தப்பு வைப்பாங்க. அதைக் கண்டுபிடிச்ச பிள்ளைக்கு அன்னைக்கு டீச்சரோட சாக்பீஸ், டீச்சரோட நாற்காலி. டீச்சர் போய்க் கடைசி பெஞ்சுல உட்கார்ந்துக்குவாங்க.

ஒருநாள் பெரிய அதிகாரி சோதனைக்கு வந்தார். போர்டைப் பார்த்தார். மூஞ்சி மிளகாப்பழமாச்சு. "என்னம்மா இது? ஏழெட்டு ஐம்பத்து நாலா?"ன்னு கத்தினார். டீச்சர் பயந்தாங்களா? பிள்ளைங்கதான் கொதிச்சுட்டாங்க! "சார், அது எங்க தப்பு! நாங்க கண்டுபிடிக்கிறதுக்குள்ள நீங்க ஏன் சொன்னீங்க?"ன்னு ஒரு பொடிசு அழுதே போச்சு. டீச்சர் சாக்பீஸை நீட்டி, "கண்டுபிடிச்சவங்கதான் பாடம் எடுக்கணும். வாங்க சார்"ன்னாங்க. பாவம், மனுஷன் வேர்த்து விறுவிறுத்து எடுத்தார். அதுலயும் ஒரு பொண்ணு ஒரு தப்பைப் பிடிச்சிருச்சு!

"ஏன் டீச்சர் இந்த வம்பு?"ன்னு கேட்டேன். "அண்ணே, தப்பைத் தப்புன்னு சொல்லப் பயப்படுற பிள்ளை, நாளைக்கு எவன் எதைச் சொன்னாலும் தலையாட்டும்"னாங்க.

இன்னொண்ணும் உண்டு. ஏதாவது ஒரு பிள்ளை போர்டு முன்னாடி நின்னு திணறினா, ஜன்னல் வழியா டீச்சரோட கை மட்டும் வெளியே வரும். 'பொறுங்க அண்ணே'ன்னு அர்த்தம். நான் மணியைப் பிடிச்சுக்கிட்டு நிப்பேன். அந்தப் பிள்ளைக்காக மொத்தப் பள்ளிக்கூடமும் காத்திருக்கும். நம்ம அறிவியல் வாத்தியார் மட்டும் வாசலுக்கு வந்து, "யோவ், மணியை முழுங்கிட்டியா?"ன்னு கத்துவார். அதோ, ரெண்டாவது வரிசையில தலையைக் குனியறார் பாருங்க!

உடம்பு முடியாமப் போன அன்னைக்கும் டீச்சர் ஒரு கணக்கை எழுதி வச்சுட்டு, "வந்து கேட்பேன், தப்பு எங்கன்னு"ன்னு சொல்லிட்டுத்தான் போனாங்க. வரலை. வாத்தியார் இல்லைன்னு அறையைப் பூட்டினாங்க. பிள்ளைங்களைச் சைக்கிள் ஷெட்டுல உட்கார வச்சாங்க.

ஆஸ்பத்திரிக்குப் போனேன். "தப்பைக் கண்டுபிடிச்சுட்டாங்களா அண்ணே?"ன்னாங்க. "அறை பூட்டிக் கிடக்கு டீச்சர்"ன்னேன். சிரிச்சாங்க. சிரிச்சா இருமல் வரும், இருந்தாலும் சிரிச்சாங்க. "தப்பையா பூட்டி வச்சிருக்காங்க? போய்த் திறங்க அண்ணே!"

அதுதான் அவங்க என்கிட்ட கடைசியாச் சொன்னது.

இப்ப நம்ம கமிட்டி என்ன முடிவு எடுத்திருக்கு? அந்த அறை நினைவு அறையாம். சுவர்ல டீச்சர் படமாம். நாற்காலியைச் சுத்திக் கயிறாம். டீச்சரோட கடைசிக் கையெழுத்துன்னு அந்தப் போர்டுக்குக் கண்ணாடியாம். அளவெடுக்க வந்தவர் பார்த்துட்டு, "அடடா, முத்து முத்தா எழுதியிருக்காங்களே"ன்னார். முத்துதான்யா. ஆனா அதுல ஒண்ணு சொத்தை! எது சொத்தைன்னு எனக்குத் தெரியாது. எனக்கும் கணக்குக்கும் ஏழாம் பொருத்தம். ஆனா தப்பு இருக்குன்னு மட்டும் சத்தியமாத் தெரியும்.

அவையோரே! ஆன்றோரே! படம் பாடம் நடத்துமா? கயிறு கணக்குச் சொல்லுமா? கண்ணாடி ஒரு பிள்ளையின் கண்ணீரைத் துடைக்குமா? திருத்தச் சொல்லி எழுதிவைத்த தப்பைத் திரைபோட்டுத் தொழுவதா நன்றி? திறக்கச் சொன்ன கதவைப் பூட்டிவிட்டுத் திருவுருவம் வைப்பதா மரியாதை?

யாரது, 'கண்ணாடிக்கு ஆர்டர் கொடுத்தாச்சு'ன்னு சொல்றது? செயலாளரா? கொடுத்தா என்னங்க, ஷெட்டு ஜன்னலுக்குப் போடுங்க, பிள்ளைங்க மேல சாரல் அடிக்குது!

யாரு பாடம் எடுக்கிறதுன்னு கேட்கிறீங்களா அக்கா? நல்ல கேள்வி. நான் எடுத்தா அந்தப் பிள்ளைங்க முட்டை இல்லை, கோழியே வாங்கும்.

என்ன அறிவியல் வாத்தியாரே, எழுந்துட்டீங்க? காபிக்கா? என்னது? சத்தமாச் சொல்லுங்க சார். "அந்த வகுப்பை நான் எடுக்கிறேன்"ங்கிறார்! இன்னும் ஏதோ சொல்றார். "மணி லேட்டா அடிச்சாலும் பரவாயில்லை"ங்கிறார்! தட்டுங்கய்யா கையை! டீச்சர் கேட்டிருந்தா மயக்கமே போட்டிருப்பாங்க.

தலைமையாசிரியர் சார், நீங்க தலையாட்டுறது சம்மதமா, தூக்கமா? சம்மதமாம்! எல்லாரும் பார்த்துக்கோங்க, அப்புறம் மாத்திச் சொல்லக் கூடாது.

இதோ சாவி. காலையில நான் திறக்கிறேன். கண்மணிகளே, உள்ளே போங்க. உங்க டீச்சர் வச்ச தப்பைத் தேடிப் பிடிங்க. பிடிச்ச பிள்ளை அந்த நாற்காலியில ஏறி உட்காரட்டும். அப்புறம் போர்டைத் துடைச்சுடுங்க. ஆமா, துடைச்சுடுங்க! அழாதீங்கம்மா. அடுத்த கணக்குக்கு இடம் வேணாமா?

ஜன்னல்ல இனி அந்தக் கை வராது. வராட்டி என்ன? எனக்குத் தெரியும் எப்பப் பொறுக்கணும்னு. அந்தத் தப்பு அகப்படுற வரைக்கும் நாளைக்கு மணி அடிக்காது. தலைமையாசிரியர் சார் கைக்கடிகாரத்தைக் கழட்டிப் பையில போட்டுக்கட்டும்.

பேச விட்டவர்க்கும், பொறுத்துக் கேட்டவர்க்கும், தட்டிய கைகளுக்கும், தலையாட்டிய தலைக்கும் நன்றி! திறக்கப்போகும் கதவுக்கு என் வணக்கம்!