சுருங்கிய அளவுகோல்

மேடையில் வீற்றிருக்கும் இயக்குநர் அவர்களே! துறைத் தலைவர்களே! ஆய்வுக்கூடத் தோழர்களே! இருபுறமும் நாற்காலிகள் காலியாகக் கிடக்க முதல் வரிசையில் அமர்ந்திருக்கும், மறைந்த பேராய்வாளரின் தம்பியே!

அந்த இரண்டு நாற்காலிகள் தவிர இன்று இந்த அரங்கு நிறைந்திருக்கிறது. அவர் உயிரோடிருந்தபோது உணவுக்கூடத்தில் அவருக்கு எதிரே ஒரு நாற்காலி நிறையவில்லையே! அந்தக் குற்றத்தைச் சொல்லாமல் எந்தப் புகழுரையை நான் தொடங்குவேன்?

நாம் ‘புல்லக்கா’ என்றழைத்த அந்தப் பேராய்வாளர் இருபத்திரண்டு ஆண்டுகள் ஒரே கேள்வியைக் கேட்டார். தண்ணீரை நிறுத்தினால் புல்லுக்குள் எந்த மரபணு குரலை உயர்த்துகிறது? எது அடங்குகிறது? எவ்வளவு? இலைகள் ஊசியாய்ச் சுருளும் பகல் ஒரு மணிக்குத்தான் வெட்டுவார். அரைமணி முந்தினாலும் அது வேறு செய்தி என்பார். வெட்டிய இலை பத்து நொடிக்குள் நீர்ம நைட்ரசனில் மூழ்க வேண்டும். நாமெல்லாம் உண்ணப் போகும் வேளை அது. அவர் பிறகு வந்து தனியே உண்டார்.

நைட்ரசன் கொண்டுவரும் ஓட்டுநர் ஒருமுறை கேட்டார்: “ஏங்க்கா, வெயில்ல வாடுன புல்ல எடுத்து இப்படி விறைக்க வைக்கிறீங்களே, பாவமா இல்ல?”

“பாவம்தாம்ப்பா. ஆனா கடைசியா அது என்ன சொல்லிச்சோ, அது அப்படியே இருக்கணும்ல?”

“நல்ல ஆளுக்கா! இங்க மனுசன் சொல்றதுக்கே காது இல்ல. நீங்க புல்லு சொல்றதக் கேக்குறீங்க!”

இருவரும் சிரித்தார்கள். நான் கதவுக்கு இப்பால் நின்றேன், உள்ளே போகவில்லை.

ஏன் போகவில்லை? சொல்கிறேன். ஒரு மரபணுவின் குரலை அளக்க, ஒப்பிட்டுப் பார்க்க மாறாத இன்னொரு மரபணுவின் குரல் வேண்டும். எந்நிலையிலும் மாறாதது என்று ஒரு மரபணுவை நாம் அனைவரும் நம்பினோம். அதை வைத்தே அளந்தோம், பட்டம் பெற்றோம், பதவி பெற்றோம். கடும் வறட்சியில் அதுவும் தாழ்கிறது என்று கண்டவர் புல்லக்கா! அளவுகோலே சுருங்கினால் அளந்த துணி நீளமாகத் தோன்றாதா? மூடி மறைத்தாரா அவர்? தம் ஒன்பது கட்டுரைகளையும் தாமே திரும்பப் பெற்றார். “உங்கள் அளவுகளையும் ஒருமுறை பாருங்கள்” என்று நம் ஒவ்வொருவருக்கும் எழுதினார்.

பார்த்தோமா? முகத்தைத் திருப்பிக்கொண்டோம்! “தன் கண்ணைக் குத்திக்கிட்டது பத்தாதுன்னு நம்ம கண்ணையும் குத்த வந்துட்டாங்க” என்று தேநீர் மேசையில் சொன்னவர் யார்? தேடாதீர்கள் தோழர்களே. நான்தான். என் முனைவர் பட்டமும் அந்த அளவுகோலின் மேல்தான் நிற்கிறது.

அதன்பின் நான்கு ஆண்டுகள், பழைய இலைகளை மாறாத வேறு மூன்று மரபணுக்களோடு ஒப்பிட்டு, அவர் ஒருவராகவே மீண்டும் அளந்து வந்தார்.

சற்றுமுன் வாசலில் அவர் தம்பி என்னிடம் சொன்னார்: “ஒரு மணிக்குப் போன் பண்ணா அக்காவுக்குக் கோவம் வரும். ‘இல வெட்டுற நேரம்டா’ன்னு திட்டும். நேத்து ஒரு மணிக்கு அக்கா நெனப்பு வந்து போனைக் கையில எடுத்தேங்க. ஐயோ, இல வெட்டுற நேரமாச்சேன்னு வெச்சுட்டேன்.”



கீழ்த்தளத்தில் அவருடைய உறைபெட்டி இருக்கிறது. உள்ளே வெட்டிய இலைகள் அடைத்த ஆயிரத்து நானூறு குழல்கள். மறு அளவீடு முடிந்தவை ஆயிரத்து நூறு. முந்நூறு காத்துக் கிடக்கின்றன. அதன் கதவில் நேற்று ஒரு தாள் ஒட்டப்பட்டது: ‘உரியவர் இல்லை. நாளை காலி செய்யப்படும்.’

உரியவர் இல்லையா?

இயக்குநர் அவர்களே! அந்தத் தாளைக் கிழித்துக் கொண்டுவந்திருக்கிறேன். பின்பக்கத்தில் உரியவர் என்று என் பெயரை எழுதியிருக்கிறேன். கையொப்பமிடுங்கள். நாளையல்ல, இந்த மேடையிலேயே!

தோழர்களே! மணி பன்னிரண்டு நாற்பது. பசுமைக்குடிலில் அவர் தண்ணீரை நிறுத்திவைத்த புற்கள் நிற்கின்றன. நாட்காட்டியில் இன்றைய தேதியை அவரே வட்டமிட்டிருக்கிறார். இலைகள் சுருளத் தொடங்கியிருக்கும். கத்தரி பிடிக்கத் தெரிந்தவர்களே, எழுந்திருங்கள்! இன்றைக்கு நமக்குச் சாப்பாடு இரண்டு மணிக்கு!