தேட வேண்டிய பிள்ளையின் சரியான அடையாளம்

என் பெயரும் விலாசமும் முந்தாநாள் இதே காவல் நிலையத்தில் சொன்னபடியேதான். வயது நாற்பத்து நான்கு. பள்ளிச் சீருடை தைக்கும் கடை வைத்திருக்கிறேன். மனைவி ஆஸ்பத்திரியில் ஆயா. எங்களுக்கு ஒரே பிள்ளை, வயது பதின்மூன்று. பிள்ளையைக் காணவில்லை என்று புகார் கொடுத்தபோது நான் சொன்ன அடையாளங்கள் தவறானவை என்பதால் மறுபடியும் வாக்குமூலம் கொடுக்கிறேன்.

பிறப்புச் சான்றிதழில் ஆண் என்று இருக்கும் எங்கள் பிள்ளை, தான் பெண் என்று இரண்டு வருடங்களுக்கு முன் தன் அம்மாவிடம் சொன்னாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அதன் பிறகு ஆஸ்பத்திரி டாக்டரம்மாவிடம் அழைத்துப் போனோம். அவர், "அவசரப்படுத்தாதீங்க, அடக்கவும் செய்யாதீங்க. பிள்ளை சொல்றதைக் காது கொடுத்துக் கேளுங்க" என்றார். அதன் பேரில், மீந்த சீருடைத் துணியில் நானே ஒரு பாவாடை தைத்துக் கொடுத்தேன். அளவெடுக்கும்போது மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மூச்சு விடு, இல்லாவிட்டால் இடுப்பு பிடிக்கும் என்று அதட்டினேன்.

அதன் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் கடை ஷட்டரைப் பாதி இறக்கிவிடுவேன். அவள் பாவாடையோடு உட்கார்ந்து பட்டன் தைப்பாள். அதுவரை கேட்டால்தான் பதில் சொல்லும் பிள்ளை, அன்றிலிருந்து வாய் ஓயாமல் பேசினாள். நான் வாயாடி என்று கூப்பிட ஆரம்பித்தேன். எனக்கு அந்தச் சத்தம் பிடித்திருந்தது.

போன வாரம், பள்ளிக்கும் அப்படியே போக விரும்புவதாகவும், தலைமையாசிரியையிடம் நான் வந்து சொல்ல வேண்டும் என்றும் கேட்டாள். சரி என்றேன். திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு இருவரும் போனோம். தலைமையாசிரியை நல்ல மாதிரியானவர். எங்களை உட்காரச் சொல்லி, என்ன விஷயம் என்றார். அறையில் எழுத்தர் ஒருவரும் இருந்தார். எழுத்தரை ஒரு தடவை பார்த்தேன். "அடுத்த வருஷ யூனிஃபார்முக்கு அளவெடுக்க எப்ப வரலாம்னு கேக்க வந்தேன்" என்று சொல்லிவிட்டேன். தலைமையாசிரியை ஒரு தேதி சொன்னார், நானும் குறித்துக்கொண்டேன். வெளியே வந்தபின், "நாளைக்குக் கண்டிப்பா சொல்றேன்டா" என்றேன். "சரிங்கப்பா" என்றாள். வகுப்புக்குப் போகிறாள் என்று நினைத்துக் கடைக்குத் திரும்பினேன். அதன் பிறகு நான் அவளைப் பார்க்கவில்லை.

அன்று மாலை அவள் வீடு திரும்பவில்லை. அவள் துணிப்பெட்டியில் பாவாடை இல்லை என்பதைப் பார்த்துவிட்டுத்தான் இங்கே வந்தேன். பக்கத்துக் கடைக்காரர்கள் நாலு பேர் துணைக்கு வந்திருந்தார்கள். அவர்கள் எதிரில், பையன், வெள்ளைச் சட்டை, நீலக் கால்சட்டை என்று தெரிந்தே சொன்னேன். அப்படியே நோட்டீஸ் அடித்தார்கள்.

இன்று காலை பேருந்து நடத்துனர் ஒருவரிடம் நானே விசாரித்தேன். "அன்னைக்கு மத்தியானம் பாவாடை போட்ட பொண்ணு ஒண்ணு தனியா கடைசி ஸ்டாப் வரைக்கும் வந்துச்சுங்க. அழுதுகிட்டே இருந்துச்சு. போலீஸ்காரங்க பையனைத்தானே கேட்டாங்க, பாக்கலன்னு சொல்லிட்டேன்" என்றார். இரண்டு நாள் என்னால் வீணாகிவிட்டது. வீட்டுக்கு வந்து மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் என்னைத் திட்டவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு எனக்கு முன்னால் இங்கே நடந்தாள்.

சரியான அடையாளம்: கருநீலப் பாவாடை, முழங்காலுக்குக் கீழ் வரும். இடுப்பு இருபத்து நான்கு அங்குலம். வளரும் பிள்ளை என்று கீழே மூன்று அங்குலம் மடித்து விட்டிருக்கிறேன். காது வரை முடி, இடப்பக்கம் அவள் அம்மாவின் கொண்டை ஊசி. ஒலிபெருக்கியில் பெண் பிள்ளை என்றே அறிவிக்க வேண்டும். பள்ளிப் பதிவேட்டில் உள்ள ஆண் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் ஒளிந்துகொள்வாள். நோட்டீஸில் என் கடைப் பெயரையும் போடலாம், யார் படித்தாலும் பரவாயில்லை.

இதை வாசித்துக் காட்டியபோது மனைவியும் உடனிருந்து கேட்டாள். நான் சொன்னபடியே இருக்கிறது, எதுவும் விடவில்லை.

(ஒப்பம்)
காணாமல் போன பெண்ணின் தகப்பன்