யாரும் வாசிக்காத தீர்ப்பு

காலை எட்டு மணி ஐந்து நிமிடம். துறைமுக வீதியில் பைண்டிங் கடை வரிசை. எனக்கு முன்னால் இரண்டு பெண்கள். இளையவள் தன் ஆய்வேட்டை இன்று மாலை நான்கு மணிக்குள் ஒப்படைக்க வேண்டும்.

"அக்கா, அந்தக் கரைவலை வழக்குத் தீர்ப்பை வாசிச்சனீங்கள்தானே?"

"இல்லையே. ஏன்?"

"உங்கட ஆய்வேட்டில பார்த்து, நானே தீர்ப்பை வாசிச்ச மாதிரி அடிக்குறிப்புப் போட்டிட்டன்."

"ஐயோ தங்கச்சி, நானும் எங்கட பேராசிரியர் சேரின்ர கட்டுரையில இருந்துதான் எடுத்தனான்."

"அவர்தான் இதைத் திருத்தப்போறவர்!"

"அப்ப பயப்படாதை. அவரும் வாசிச்சிருக்க மாட்டார்."

"ஓம். அதுதான் ஆய்வேட்டோட தீர்ப்பின்ர பிரதியையும் கொண்டு வரட்டாம். தானும் கனகாலமாத் தேடுறாராம்."

கடைக்காரர் அடுத்த ஆளைக் கூப்பிட்டார். இளையவள் வரிசையை விட்டு விலகி, நீதிமன்றத்துக்குப் போக ஓர் ஆட்டோவை மறித்தாள்.