கொடி என்ற சொல்

— கதவைச் சாத்தாதேயும் றேமண்ட். நாளைக்கு நீர் என்னோடை கோர்ட்டுக்கு வாறீர்.

— அனே சிவமணி அக்கா, நான் என்னத்துக்கு? லோயர் இருக்கிறார் தானே.

— லோயரோ எங்களுக்குக் கீழ் வீட்டிலை இருக்கிறவர்? நீர்தானே. என்ரை மனிசன் கதை வாசிச்சது உம்மடை தலைக்கு மேலை.

— எனக்கு ஒண்டும் கேக்கல்ல அக்கா. கிரிக்கெட் கொமென்ரறி போட்டிருந்தன். ஃபுல் சவுண்ட்.

— இராசரத்தினம் மாஸ்டரின்ரை தொண்டை உமக்குத் தெரியாதே? முப்பது வருசம் வகுப்பிலை கத்தின தொண்டை. கோயில் மணியே தோத்துப்போகும்.

— சேர் கதைச்சா ரோட்டுக்குக் கேக்கும் தான்.

— ரோட்டுக்குக் கேட்டதாலை வந்த வினைதானே இது. சந்தியிலை நிண்ட பொலிசுக்குக் கேட்டுது. இண்டைக்குப் பதினாறு நாள், உள்ளுக்கு இருக்கிறார் மனிசன்.

— உங்கட சொந்தக்காரர் வெள்ளவத்தையில இருக்கிறாங்க தானே? அவங்களில ஒருத்தரைக் கூட்டிக்கொண்டு போங்களேன். படிச்ச ஆக்கள்.

— வெள்ளவத்தையிலை இருந்தவைக்கு இஞ்சை கொட்டாஞ்சேனையிலை வாசிச்சது கேட்டிருக்குமோ?

— அக்கா, உள்ளுக்கு வாங்க. ஒரு பிளேன்ரீ குடிச்சிட்டு ஆறுதலாக் கதைப்பம்.

— வேண்டாம். தேத்தண்ணி குடிக்க வரேல்லை நான்.

— எனக்கு என்ன நடந்ததுண்டே சரியாத் தெரியாது அக்கா. வெளிய நாலு பேர் நாலு விதமாக் கதைக்கிறாங்க.

— அப்ப கேளும். ரேடியோவிலை சிறுவர் நிகழ்ச்சிக்கு யப்பான் கதை ஒண்டு கேட்டவை. அவர் இங்கிலீசுப் புத்தகத்திலை இருந்து தமிழாக்கி, குரல் மாத்தி மாத்தி வாசிச்சுப் பழகினவர். அங்கை பெரிய மரங்களுக்கு வைக்கோல் கயிறு கட்டிக் கும்பிடுவினமாம். அப்பிடி ஒரு மரம். அதை வெட்டச் சொல்லி ராசா ஆளனுப்புறான்.

— சாமி மரத்தையா? பாவம் தானே.

— பகல் முழுக்க வெட்டுவினம். விடிய வந்து பாத்தால் ஒரு காயமும் இருக்காது. விழுந்த செதில் எல்லாம் திரும்பிப் போய் மரத்தோடை ஒட்டியிருக்கும். எத்தினை நாள் வெட்டினாலும் அப்பிடித்தான். காட்டிலை இருக்கிற மற்ற மரமெல்லாம் அதைச் சுகம் விசாரிக்க வருதுகள். கடைசியா ஒரு சின்னக் கொடியும் வருது.

— அதத்தான் உள்ளுக்கு விடல்லையே. நீ மரமில்ல, போண்டு துரத்திட்டாங்க தானே.

— றேமண்ட்.

— என்ன அக்கா?

— அந்த இடத்தை நான் இன்னும் சொல்லேல்லை.

— எங்கயோ கேட்டிருப்பன்.

— எங்கை கேட்டனீர் எண்டு எனக்குத் தெரியும். மிச்சத்தையும் நீரே சொல்லும்.

— என்னத்தச் சொல்லுறது... கொடிக்குக் கோவம் வந்திட்டுது. வெட்டுறவங்களிட்ட ரகசியத்தப் போட்டு உடைச்சிட்டுது. செதிலை எல்லாம் எரிச்சாத்தான் மரம் விழும்ண்டு. அந்த இடத்தில சேர் எழும்பி நிண்டு கத்தினார், ‘கொடி வந்தது! கொடி வந்தது! கொளுத்துங்கோ!’ண்டு. நான் கீழ இருந்து சிரிச்சன் அக்கா. அவ்வளவு நல்லா நடிச்சார் மனுசன்.

— சந்தியிலை நிண்டவங்களுக்கு அது ‘கொட்டி’ எண்டு கேட்டுது. சிங்களத்திலை கொட்டி எண்டால் புலி. மேல்மாடியிலை ஒருத்தன் புலி, புலி எண்டு கத்தினால் சும்மா விடுவாங்களே?

— ஆனா சேர் வாசிச்ச பேப்பரில கொடிண்டு வடிவா எழுதியிருக்குத் தானே? அத மொழிபெயர்த்துக் குடுத்தாச் சரி தானே?

— குடுத்தாச்சு. பொலிஸ் ஒத்துக்கொள்ளேல்லை. பேப்பரிலை ஒண்டை எழுதி வைச்சுக்கொண்டு வாயாலை வேறை ஒண்டைச் சொன்னவராம். கதையைக் காதாலை கேட்ட ஆள், ரெண்டு பாசையும் தெரிஞ்ச ஆள், வந்து சொல்ல வேணுமாம். இந்த வீட்டிலை அது நீர் ஒருத்தர்தான்.

— அக்கா, ஷிப்பிங் ஓஃபிசில நான் வெறும் றேமண்ட். தமிழனில்ல, பறங்கிண்டு நினைச்சுக்கொண்டிருக்கிறாங்க, நானும் நினைக்கட்டும்ண்டு விட்டுட்டன். சவுந்தரநாயகம்ண்டு பேரில ஒரு பாதி இருக்கிறதே பெரியவங்களுக்குத் தெரியாது. நாளைக்குக் கோர்ட்டில அதச் சொல்லிக் கூப்பிட்டா? ரெண்டு பொம்பளப் பிள்ளைகள் இருக்கு எனக்கு.

— பயம் எண்டு சொல்லும், எனக்கு விளங்கும். எனக்கும் பயம்தான். அந்தப் பயத்தோடைதான் பதினாறு நாளும் ஸ்டேசன் வாசலிலை நிண்டனான். விரட்டினாங்கள், அடுத்த நாளும் போனனான். அவர் வெளியிலை வருமட்டும் போவன். கேக்கேல்லை எண்டு மட்டும் எனக்குச் சொல்லாதேயும்.

— அக்கா...

— சொல்லும்.

— அண்டைக்கு சேரை இறக்கிக்கொண்டு வரக்குள்ள என்னைப் படியில மறிச்சாங்க. அந்தப் பேப்பரை நீட்டி வாசிச்சுச் சொல்லுண்டாங்க. ‘மட்ட தெமள பே’ண்டுட்டன். எனக்குத் தமிழ் தெரியாதாம், நான் சொல்லுறன்! கொடிண்டா சிங்களத்தில ‘வெல’ண்டு ஒரே ஒரு சொல்லு அக்கா. சொல்லியிருந்தா அங்கயே விட்டிருப்பாங்க. பதினாறு நாளாச் சோறு இறங்கல்ல எனக்கு.

— தெரியும்.

— என்ன தெரியும்?

— நீர் சொன்னது. அவர் பக்கத்திலை விலங்கோடை நிண்டவரெல்லே. பாக்கப் போன முதல் நாளே எனக்குச் சொன்னவர்.

— தெரிஞ்சுமா என்னட்ட வந்தீங்க? சேர் என்னை என்ன நினைச்சிருப்பார்? என்ர முகத்திலயே முழிக்கமாட்டார் தானே?

— நீர் உள்ளுக்குப் போனாப் பிறகு பொலிஸ் அவரிட்டைக் கேட்டதாம், ‘கீழ் வீட்டுக்காரன் தமிழனோ’ எண்டு. ‘இல்லை’ எண்டு சொன்னவர்.