காலியா இருக்கிற ஒரே கட்டில்

— அப்புறம், மாத்தே டீயில சர்க்கரை போடுறாரு. அதையும் எழுதிக்கோ மரியேலா. கசப்பா குடிக்க வேண்டியதைக் குழந்தைக்குக் கலக்குற மாதிரி கலக்குறாரு. நம்ம மோன்டெவிடியோல இதைவிடப் பெரிய குத்தம் இருக்கா?

— நெலிடா அம்மா, சர்க்கரைக்காக ஒருத்தரை வீட்டை விட்டு அனுப்ப எங்க முதியோர் ஆபீசுல சட்டம் இல்ல.

— சர்க்கரை மட்டுமா? முப்பத்தஞ்சு வருஷம் பஸ் கண்டக்டரா இருந்தாராம். நான் நடையில நின்னா "உள்ள நகருங்க, உள்ள நகருங்க"ங்கறாரு. என் வீட்டுல, என்னை.

— வழியை அடைச்சுக்கிட்டு நின்னா வேற என்ன சொல்றதாம், வீட்டுக்காரம்மா?

— உங்களைப் பத்திப் பேசும்போது நடுவுல நீங்க பேசாதீங்க.

— அதெமார் ஐயா, கொஞ்சம் இருங்க. அம்மா, வாடகை ரூம்லருந்து வெளிய தள்ளிவிட்டு, இவர் பஸ் நிலையத்துல படுத்துக் கெடந்தப்ப, ஒரு ரூம் சும்மா கெடக்குன்னு எங்களைக் கூப்பிட்டதே நீங்கதான். மூணு மாசம் ஆச்சு. போன தடவை நான் வந்தப்பகூட, சாக்கடை அடைப்பெல்லாம் எடுக்கறார், மழை பெஞ்சா மாவைத் தட்டி எண்ணெயில பொரிச்சுத் தர்றார்னு புகழ்ந்து தள்ளினீங்க. ரெண்டு பக்கம் எழுதினேன். இப்ப என்ன ஆச்சு?

— அப்ப எனக்குக் கண்ணு சரியாத் தெரியல.

— போன மாசம் கண் டாக்டர்கிட்ட நான்தான் கூட்டிட்டுப் போனேன். ஊர்ந்து போற எறும்பைக்கூட எண்ணிடுவாங்கன்னாரு.

— பாத்தியா, எதிர்த்துப் பேசறதை. மரியேலா, ஊனியோன் பேட்டை முதியோர் இல்லத்துல ஒரு கட்டில் காலின்னு ஃபோன்ல சொன்னியே. ஹீட்டர் இருக்கு, நர்ஸ் இருக்கு, மூணு வேளைச் சாப்பாடு. அதை இவருக்கு எழுதிடு. இன்னைக்கே கூட்டிட்டுப் போ. பெட்டியை நானே கட்டி வெச்சுட்டேன்.

— அந்தப் பெட்டியில காலமான அவங்க வீட்டுக்காரரோட கம்பளிக் கோட்டையும் மடிச்சு வெச்சிருக்காங்க மரியேலா. துரத்துறவங்க செய்யற வேலையா இது?

— அது பூச்சி அரிச்ச கோட்டு. குப்பையில போடறதுக்குப் பதிலா அதுல போட்டேன்.

— ஐயா, உங்களுக்குச் சம்மதம்னா இங்க ஒரு கையெழுத்துப் போடுங்க. ஆணோ பெண்ணோ, ரெண்டு வருஷமா யாருக்கும் அங்க இடம் கிடைக்கல. விட்டா திரும்ப வராது.

— போட மாட்டேன். அந்தக் கட்டிலை அவங்க பேருக்கு எழுதுங்க.

— அவங்களுக்கு எதுக்கு? சொந்த வீடு இருக்கே.

— எங்க இருக்கு? இது அவங்க வீட்டுக்காரரோட அண்ணன் வீடு. அண்ணனும் போயிட்டார், அவர் பிள்ளைங்க வித்துட்டாங்க. முப்பதாம் தேதிக்குள்ள காலி பண்ணச் சொல்லி, செவ்வாக்கிழமை கோர்ட்டுலருந்து கடுதாசி வந்துச்சு. கையெழுத்துப் போட்டு வாங்கினது நான்தான். கெட்டில் ஆவியில உறையைப் பிரிச்சுப் படிச்சு, மறுபடி ஒட்டி அவங்ககிட்ட குடுத்தேன். புதன்கிழமை காலையிலருந்து நான் கெட்டவனாயிட்டேன்.

— என் தபாலைப் பிரிச்சீங்களா?

— பிரிச்சேன்.

— நெலிடா அம்மா, நிஜமா? எங்கிட்ட ஏன் சொல்லல?

— சொன்னா என்ன பண்ணுவே? ஒரு கட்டிலை வெச்சுக்கிட்டு எங்க ரெண்டு பேருக்கும் சீட்டுக் குலுக்கிப் போடுவியா? அவருக்கு எண்பத்தொண்ணு. நெஞ்சு வேற சரியில்ல. இன்னொரு குளிர்காலம் பஸ் நிலையத்துல படுத்தார்னா எழுந்திரிக்க மாட்டார்.

— நான் ஏன் அங்க படுக்கறேன்? பைசாந்து ஊர்ல என் தங்கச்சி இருக்கா. பெரிய வீடு, ஆரஞ்சுத் தோட்டம், எல்லாம் இருக்கு. நான் அங்க போயிடறேன். நீங்க அம்மா பேரை எழுதுங்க.

— அப்படின்னா எனக்கும் நிம்மதிதான் ஐயா. தங்கச்சி பேரு, விலாசம் சொல்லுங்க, குறிச்சுக்கறேன்.

— பேரு... எலோயிசா. இல்ல, எர்மீனியா.

— மூணு மாசமா ஒரே மேசையில சாப்பிடறோம், இவருக்குத் தங்கச்சியே கிடையாது. நீ உன் ஆபீசுக்கு ஃபோன் போட்டு இன்னொரு கட்டில் கேளு மரியேலா. அது கிடைக்கிற வரைக்கும் நீயும் எங்களோட இங்கதான் குடியிருக்கப் போறே. அதெமார், கதவைத் தாழ்ப்பாள் போடுங்க.